என் வான்கோழியும் அன்ரனின் வறையும்

மிஞ்சிப்போன வான்கோழியை வைத்து என்னென்ன புதுமைகள் செய்யலாம் என்று யாரோ எழுதிய ஒரு கட்டுரையை மகள் இன்று காலை என் ஃபோனுக்கு அனுப்பியிருந்தாள். இன்று கிறிஸ்மஸுக்கு மறுநாள். ஒக்லண்டின் லின்ஃபீல்டில் எங்கள் தெரு முழுவதும் வாசலுக்கு வாசல் வெறும் பெட்டிகளும் பளபளப்புக் கடதாசிகளும் கிடக்கின்றன. நான் குசினி மேசையில் தேநீரோடு உட்கார்ந்து அந்தக் கட்டுரையை ஒரு வரி விடாமல் படித்தேன். வான்கோழியைப் பாணுக்கு நடுவில் வைத்து சான்ட்விச் ஆக்கலாமாம். பாணைச் சுருட்டி அதற்குள்ளும் வைக்கலாமாம். வைத்த பாணைச் சூடாக்கலாமாம். பாண் ஆகாதவர்கள் இலைதழைகளுக்கு நடுவில் வைத்துக்கொள்ளலாமாம். இவ்வளவுதான் அவர்கள் கண்ட புதுமை. பாவங்கள் என்று சொல்லிக்கொண்டு எழும்பிப் போய் பிறிட்ஜைத் திறந்தேன்.

உள்ளே, ஃபொயில் சுற்றிய தட்டில் நேற்றைய வான்கோழி. குளிர்ந்த கொழுப்பும் மிளகும் கலந்த ஒரு மணம் முகத்தில் அடித்தது. அந்த மணத்துக்கு மற்றவர்களுக்குக் கிறிஸ்மஸ் ஞாபகம் வரும், எனக்கு அன்ரன் ஞாபகம் வருவான். கூடவே நெஞ்சுக்குக் கீழே ஒரு எரிவும் வரும். வாய்வு என்று டொக்டர் குளிசை எழுதித் தருகிறார். அது பொறாமை என்று நான் அவரிடம் சொன்னதில்லை. பொறாமைக்கு இந்த நாட்டில் குளிசை இருப்பதாகத் தெரியவில்லை.

நீங்கள் அன்ரனைப் பார்த்திருக்க மாட்டீர்கள். மன்னாரில் பேசாலைக்காரன். என்னைவிட நான்கைந்து வயது இளையவன், ஒல்லி, காதோரத்தில் எப்போதும் கொஞ்சம் பெயின்ற் ஒட்டியிருக்கும். வீடுகளுக்குப் பெயின்ற் அடிப்பதுதான் வேலை. நாங்கள் ஒக்லண்டுக்கு வந்த புதிதில், த்ரீ கிங்ஸில் ஒரு பழைய வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தோம். அதன் பின்னறையில் அவன் குடியிருந்தான். என்னை அண்ணை என்பான், என் மனைவி மெர்சியை அக்கா என்பான். அண்ணை என்று வாய் நிறையக் கூப்பிடுகிற ஒருவனோடு எந்த முகத்தை வைத்துக்கொண்டு கோபிப்பது? அந்தச் சங்கடம் எனக்கு இன்றைக்கும் தீரவில்லை.

அப்போது எனக்கு ஒரு சாமான் களஞ்சியத்தில் வேலை. பெட்டிகளை அடுக்குவதும் இறக்குவதும். அந்த வருடம் கிறிஸ்மஸுக்கு முன்னால் முதலாளி எல்லோரையும் வரிசையில் நிற்க வைத்து, "ஹாமா, ரேர்க்கியா?" என்று கேட்டார். எனக்கு முன்னால் நின்றவர்கள் எல்லோரும் ஹாம் என்றார்கள். இந்த நாட்டில் கிறிஸ்மஸ் கோடையில் வருகிறது. பன்றித்தொடையைக் குளிராக வெட்டித் தின்றுவிட்டுக் கடற்கரைக்குப் போவதே வழக்கம் என்பதெல்லாம் எனக்கு யார் சொன்னார்கள்? நான் கிறிஸ்மஸ் வாழ்த்து அட்டைகளைப் பார்த்து வளர்ந்தவன். அட்டையில் பனி கொட்டும், ஜன்னலுக்குள் ஒரு குடும்பம் இருக்கும், நடு மேசையில் வான்கோழி இருக்கும். ரேர்க்கி என்றேன். முதலாளி என்னை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். பிறகு கல்லைப் போல உறைந்த ஒன்றைத் தூக்கி என் கையில் தந்தார். பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்ததில் தொடை இரண்டும் மரத்துப்போய்விட்டன.

வீட்டில் மகள் பிறந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. மெர்சி பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு குசினி வாசலில் நின்று என்னை மேற்பார்வை பார்த்தாள். நான் அந்தப் பறவையை இங்கிலிஷ்காரர் மாதிரி முழுதாக ஓவனில் வைத்துச் சுடுவது என்று முடிவெடுத்திருந்தேன். ஆனால் கோழி வாங்கினால் முதல் வேலை தோலை உரிப்பது அல்லவா? எங்கள் வீடுகளில் தோலோடு யார் கோழி தின்றார்கள்? ஆகவே உரித்தேன். ஒரு பின்னேரம் முழுவதும் உரித்தேன். வழுக்கிய இடங்களில் அன்ரனின் பெயின்ற் சாமான்களுக்குள் இருந்த குறட்டை எடுத்து இழுத்தேன். பிறகு மஞ்சள் தூளும், வளவில் நின்ற மரத்தில் பிடுங்கிய எலுமிச்சையும் போட்டு நன்றாகத் தேய்த்துக் கழுவினேன். இப்போது உங்களுக்குச் சிரிப்பு வரும். அப்போது எங்கள் இருவருக்கும் அது முழுக்கச் சரியான காரியமாகத்தான் பட்டது.

"தோல் போனாப் பிறகுதான் வடிவா இருக்கு," என்றாள் மெர்சி.

தோலில்லாத வான்கோழி ஓவனுக்குள் அரை நாள் இருந்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. நெஞ்சுப் பகுதி காய்ந்து, கத்தி பட்டதும் தும்பு தும்பாகப் பிரிந்தது. விருந்துக்கு வந்த நண்பர்கள் மரியாதையாக மென்றார்கள், நிறையத் தண்ணீர் குடித்தார்கள். மெர்சி, "நல்லா இருக்கு," என்றாள். சொல்லிவிட்டு, ஆஸ்பத்திரியில் தனக்குப் பக்கத்துக் கட்டிலில் இருந்த சமோவாக்காரியின் கதையைத் தொடர்ந்தாள்.

இந்த இடத்தில் மெர்சியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் மிச்சம் விளங்காது. அவள் சாப்பிடும்போது கதைப்பாள். சாப்பிடுவதற்கு உட்காருகிறாளா, கதைப்பதற்கு உட்காருகிறாளா என்று எனக்கே சந்தேகம் உண்டு. "நல்லா இருக்கு" என்பது அவள் எதற்கும் சொல்லும் வார்த்தை. விமானத்தில் தந்த சாப்பாட்டுக்கும் சொன்னவள். ஆனால் ஒரு சாப்பாடு உண்மையிலேயே அவள் நாக்கைப் பிடித்துவிட்டால் பேச்சு அப்படியே நின்றுவிடும். கலியாணம் முடித்த புதிதில் கொழும்பில் ஒரு கடையில் இடியப்பமும் மீன்சொதியும் சாப்பிட்டோம். கதையின் நடுவில் அவள் திடீரென்று நிறுத்தினாள். நான் ஏதோ பிழையாகச் சொல்லிவிட்டேன் என்று பயந்து, "என்ன, கோபமா?" என்று கேட்டேன்.

"சாப்பிடேக்க கதை குடுக்காதேங்கோ," என்றாள்.

அன்று தொடங்கியது என் ஆசை. ஒரு நாளாவது என் கையால் சமைத்த ஒன்று அந்த வாயை மூடவைக்க வேண்டும். வெளியில் சொன்னால் வெட்கம், ஆனால் வீடு வாங்க வேண்டும் என்ற ஆசையைவிட எனக்கு அதுதான் பெரிதாக இருந்தது. வீடு மோட்கேஜ் கடனில் கிடைத்துவிட்டது.

சரி, விட்ட இடத்துக்கு வருகிறேன். அந்த முதல் கிறிஸ்மஸுக்கு மறுநாள் வான்கோழியில் முக்கால்வாசி அப்படியே இருந்தது. மெர்சிக்கு வேறொரு ஏக்கம். பிள்ளை பெற்றவளுக்கு எங்கள் பக்கம் சுறா வறை கொடுப்பார்கள். சுறாவை அவித்து, உதிர்த்து, துருவிய தேங்காய்ப்பூவும் மஞ்சளும் உள்ளிப்பூண்டும் சேர்த்து வறுப்பது, பால் சுரக்கும் என்று. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளிலிருந்து அவள் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் மீன்கடை மீன்கடையாக அலைந்தேன். சுறா இருக்கிறதா என்று கேட்டால், கடைக்காரர்கள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்கள். ஃபிஷ் அண்ட் சிப்ஸ் கடையில் லெமன் ஃபிஷ் என்ற பெயரில் விற்பதே ஒரு வகைச் சுறாதான் என்று பல வருடங்களுக்குப் பிறகுதான் தெரியவந்தது. அத்தனை நாளும் அதை மாவில் தோய்த்துப் பொரித்துத் தின்றுகொண்டே, சுறா கிடைக்கவில்லை என்று கவலைப்பட்டிருக்கிறோம்.

அன்ரன் பின்னறையிலிருந்து வந்தான். தட்டிலிருந்த நெஞ்சிறைச்சியில் ஒரு துண்டைக் கிள்ளி, வாயில் போடாமல் விரல்களுக்கு நடுவில் வைத்துத் தேய்த்தான்.

"அண்ணை, இது அவிச்ச சுறா மாதிரியெல்லோ உதிருது!"

என் வான்கோழியை அவன் அவமதிக்கிறான் என்றுதான் நினைத்தேன். அவன் அதைக் கவனிக்கவில்லை. இறைச்சி முழுவதையும் கையாலேயே உதிர்த்தான். பைக்கற்றில் இருந்த உலர்ந்த தேங்காய்ப்பூவைச் சுடுதண்ணீர் தெளித்துப் பிசறி வைத்தான். பக்கத்து வீட்டு பிஜிக்காரம்மாவிடம் வேலிக்கு மேலால் கறிவேப்பிலை வாங்கிவந்தான். வெங்காயமும் பச்சை மிளகாயும் உள்ளியும் எண்ணெயில் பொன்னிறமாகி, கறிவேப்பிலை வெடித்தபோது, த்ரீ கிங்ஸின் அந்த வாடகைக் குசினிக்குள் எங்கள் ஊர் மத்தியானம் ஒன்று வந்து உட்கார்ந்தது. மெர்சி பிள்ளையை மடியில் கிடத்திக்கொண்டு, சோற்றோடு ஒரு வாய் எடுத்தாள். சமோவாக்காரியின் கதை அப்போதும் முடிந்திருக்கவில்லை.

அது அந்த இடத்திலேயே நின்றுவிட்டது.

அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. குனிந்த தலை நிமிரவில்லை. தட்டு வெறுமையானதும் தானே எடுத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பேசாமல் சாப்பிட்டாள். நான் கடை கடையாக அலைந்தும் கொடுக்க முடியாததை, நான் கெடுத்துவைத்த இறைச்சியிலிருந்தே எடுத்து ஒருவன் கொடுத்துவிட்டான். இதில் பெரிய கொடுமை என்னவென்றால் அந்த வறை எனக்கும் பிடித்திருந்தது. நானும் இரண்டாம் தரம் போட்டேன்.

தவறாக நினைத்துக்கொள்ளாதீர்கள். இது அந்த வகைப் பொறாமை அல்ல. அவன் அவளை அக்கா என்றது மனதார. அவளும் அவனுக்குக் கலியாணம் பேசுவதில்தான் மும்முரமாக இருந்தாள். அப்படி ஏதாவது இருந்திருந்தால் சண்டை பிடிக்க ஒரு நியாயமான காரணமாவது எனக்குக் கிடைத்திருக்கும். மிஞ்சிய இறைச்சியை நன்றாகச் சமைக்கிறான் என்பதற்காக ஒருவனை யாரிடம் போய் முறையிடுவது? பாவசங்கீர்த்தனத்தில் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். ஃபாதர் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு திரைக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் இதே கதைதான். அன்ரன் கலியாணம் கட்டி, நகரின் கிழக்கே பக்குரங்காவுக்குப் போனான். நாங்கள் லின்ஃபீல்டில் வீடு வாங்கினோம். ஆனால் கிறிஸ்மஸுக்கு மறுநாள் அவன் தன் தாச்சிச் சட்டியைக் காரில் போட்டுக்கொண்டு வந்துவிடுவான். என் வீட்டில் தாச்சி இல்லையா? இருக்கிறது. அவனுக்கு அவனுடையதுதான் வேண்டும். ஒரு வருடம் வறையை உருளைக்கிழங்கோடு பிசைந்து றோல்ஸ் செய்தான். ஒரு வருடம் புட்டுக்கு நடுநடுவே வைத்து அவித்தான். எலும்புகளைப் போட்டுச் சொதி வைத்தான். கடையில் வாங்கிய மெக்சிக்கோ ரொட்டிகளைக் கொத்தி, முட்டையும் லீக்ஸும் போட்டுக் கொத்துரொட்டி அடித்தான். மகள் அனுப்பிய கட்டுரையை எழுதியவருக்கு இவனைக் காட்டியிருந்தால் அன்றோடு எழுத்தை விட்டிருப்பார்.

மெல்ல மெல்ல என் கிறிஸ்மஸ் விருந்துக்கு ஒரு நோய் பிடித்தது. வருகிறவர்கள் அளவோடு சாப்பிடத் தொடங்கினார்கள். "எனக்கு ஒரு சின்னத் துண்டு காணும் அண்ணை" என்பார்கள். முதலில் அடக்கம் என்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, அடுத்த நாளைக்கு இறைச்சி மிஞ்ச வேண்டுமே என்ற கவலை அது. தேவாலயத்தில் பாடும் ஒரு பெரியவர் ஒளிவுமறைவே இல்லாமல் என் வான்கோழிக்கு முன்னால் நின்றுகொண்டு, "நாளைக்கு அன்ரன் எத்தினை மணிக்கு வாறார்?" என்று என்னிடமே கேட்டார். என் விருந்து, அவனுடைய விருந்துக்குச் சாமான் வாங்குகிற இடமாகிவிட்டது.

பொறாமை பிடித்தவன் சும்மா இருக்க மாட்டான். ஒரு ஜூலை மாதம், மெர்சி வேலைக்குப் போயிருந்த நேரம், கோழி நெஞ்சு வாங்கி அவித்து உதிர்த்து, அன்ரன் செய்வதை மனதில் ஓடவிட்டு, அச்சொட்டாக அப்படியே வறை செய்தேன். அவள் வந்து சாப்பிட்டாள்.

"அன்ரன் செய்யிற மாதிரியே கிடக்கு," என்றாள். "நல்லா இருக்கு. இண்டைக்கு வேலையில என்ன நடந்தது தெரியுமோ…"

அன்று இரவு எனக்கு எதிலும் மனம் செல்லவில்லை.

பிறகு மகள் வளர்ந்து பள்ளிக்கூடத்தில் சமையல் பாடம் எடுத்தாள். அந்த வருடக் கிறிஸ்மஸுக்கு முதல்நாள், நான் வழக்கம்போலக் குறட்டோடு நிற்பதைக் கண்டு குசினி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"அப்பா! வை ஆர் யூ டேக்கிங் இட்ஸ் ஸ்கின் ஆஃப்?"

"தோல் கூடாது பிள்ளை. கொழுப்பு."

"தட்ஸ் த ஹோல் பொயின்ற்!"

அவள் தமிழில் பதில் சொல்ல மாட்டாள், ஆனால் சொன்னது நன்றாகவே விளங்கியது. அன்று என் கையிலிருந்து குறட்டைப் பிடுங்கி வைத்துவிட்டு, தோலுக்குக் கீழே விரலை விட்டு வெண்ணெய் தடவக் கற்றுத் தந்தாள். வெந்ததும் உடனே வெட்டாமல் மூடி ஆறவிடச் சொன்னாள். கிறிஸ்மஸ் அன்று கத்தியை வைத்தபோது சாறு ஓடியது. இத்தனை வருடமும் எனக்கு முன்னால் இப்படி ஒரு பறவைதான் கிடந்ததா என்று ஆச்சரியமாக இருந்தது. வந்தவர்கள் அளவை மறந்து சாப்பிட்டார்கள். பாடுகிற பெரியவர் எலும்பைக் கையில் எடுத்துக் கடித்தார். நான் யாரையும் பார்க்கவில்லை, மெர்சியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் ஒரு துண்டை வாயில் வைத்தாள். பேச்சு நின்றது.

நான் மூச்சை அடக்கினேன். மேசையில் மற்றவர்கள் கதைத்துக்கொண்டிருந்தார்கள், அவள் கதைக்கவில்லை. தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. கிட்டப் போய், "என்ன மெர்சி?" என்று மெதுவாகக் கேட்டேன். வேண்டுமென்றே கேட்டேன். சாப்பிடேக்க கதை குடுக்காதேங்கோ என்று அவள் வாயால் ஏச்சு வாங்க வேண்டும் என்று கேட்டேன்.

"இல்லை," என்றாள், "எல்லாரும் இப்பிடித் தின்னினம். நாளைக்கு அன்ரனுக்கு மிச்சம் காணுமோ எண்டு யோசிச்சனான்."

மறுநாள் அன்ரன் வந்து, மிஞ்சியிருந்ததில் ஒரு துண்டைக் கிள்ளி, விரலில் தேய்த்துப் பார்த்தான். அது உதிரவில்லை. நசிந்தது. அவன் முகம் சுருங்கியது.

"என்னண்ணை செய்தனீங்கள்? ஈரமாக் கிடக்கே! இதில வறை வராது."

வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை நன்றாக வந்த என் வான்கோழியைப் பழுது என்று சொன்ன ஒரே ஆள் அவன்தான். உள்ளுக்குள் எனக்குக் கொஞ்சம் குளிர்ந்தது, மறைக்க மாட்டேன். இந்த முறை அகப்பட்டாய் என்று நினைத்தேன். அவன் காருக்குப் போய், மன்னாரிலிருந்து யாரோ கொண்டுவந்து கொடுத்த, பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த ஒடியல் மாப் பையை எடுத்துவந்தான். எலும்பையும் இறைச்சியையும் இறாலோடு பெரிய பானையில் போட்டு, பயற்றங்காயும் கீரையும் சேர்த்து, பழப்புளி கரைத்து, செத்தல் மிளகாய் அரைத்துவிட்டுக் கூழ் காய்ச்சினான். கொளுத்தும் டிசம்பர் வெயிலில், வளவில் எல்லோரும் கோப்பைகளோடு உட்கார்ந்து வேர்க்க வேர்க்கக் குடித்தோம். மெர்சி இரண்டு கோப்பை குடித்து முடியும் வரை வாயைத் திறக்கவில்லை. நான் நன்றாகச் சமைத்தாலும் அவன்தான் வென்றான், கெடுத்தாலும் அவன்தான் வென்றான்.

இதற்கும் மேல் ஒன்று நடந்தது. அடுத்த வருடம் டிசம்பர் பிறந்ததும் மெர்சி என்னிடம் வந்து, தயங்கித் தயங்கி, "இஞ்சாருங்கோ, இந்த முறை தோலை உரிச்சுப்போடுங்கோவன்," என்றாள்.

"ஏன்?"

"வறை தின்ன ஆசையா இருக்கு."

உரித்தேன். என்ன செய்வது? நல்ல வான்கோழி எப்படி வரும் என்று தெரிந்த பிறகும், அதைத் தெரிந்துகொண்டே காயவிட்டேன். வருகிறவர்கள் மென்று தண்ணீர் குடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மறுநாள் அன்ரனின் தாச்சிக்கு முன்னால் அவள் மௌனமாகிவிடுவதையும் பார்த்தேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் அப்படித்தான். அவள் பேசாமல் இருக்கும் அந்தக் கொஞ்ச நேரத்துக்கு இறைச்சி நான் கொடுத்ததுதான் என்று மனதைத் தேற்றிக்கொள்வேன். மனம் தேறாது. பொறாமையோடு வேலைசெய்வது ஒரு பழக்கமாகிவிட்டது, முதுகுவலியோடு வேலைசெய்வதைப் போல.

போன வருடக் குளிர்காலத்தில் மெர்சிக்கு ஒரு காய்ச்சல் வந்தது. எல்லோருக்கும் வந்து போய்க்கொண்டிருந்த அதே காய்ச்சல்தான். இருமல் போனது, களைப்பும் போனது. ஒரு நாள் நான் வளவிலிருந்து உள்ளே வந்தபோது வீடு முழுக்கக் கருகல் நாற்றம். அடுப்பில் பருப்பு அடிப்பிடித்துப் புகைந்துகொண்டிருக்க, அதற்குப் பக்கத்திலேயே நின்று அவள் தங்கச்சியோடு ஃபோனில் கதைத்துக்கொண்டிருந்தாள். மூக்கு போய்விட்டது. மூக்கோடு நாக்கும் போய்விட்டது. உப்பும் உறைப்பும் எங்கோ தூரத்தில் தெரிகிறதாம், மிச்சமெல்லாம் ஈரக் கடதாசியாம். திரும்பி வரலாம், வராமலும் போகலாம் என்றார் டொக்டர். மெர்சி அழவில்லை. "இனி உங்கட சமையலுக்குப் பயமில்லை," என்று பகிடி விட்டாள். நான் சிரித்தேன், பிறகு கராஜுக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன்.

போன வருடக் கிறிஸ்மஸுக்கு அன்ரன் வரவில்லை. முழங்கால் சத்திரசிகிச்சை. ஆகவே இன்றுதான், இந்தப் புது மெர்சிக்கு முன்னால் அவன் தாச்சி வைக்கும் முதல் நாள். மத்தியானம் வந்தான். தலை முழுதும் நரைத்துவிட்டது, காதோரத்தில் இப்போது பெயின்ற் எது, நரை எது என்று தெரியவில்லை. விஷயம் அவனுக்குத் தெரியும். ஃபோனில் சொல்லியிருந்தேன்.

"உறைப்பைக் கொஞ்சம் கூட்டிப் போட்டா எட்டுமோ அண்ணை?" என்று குசினியில் மெல்லிய குரலில் கேட்டான்.

"கூட்டு," என்றேன்.

நான் வெங்காயம் வெட்டினேன். அவன் தாச்சியில் நான் கை வைத்தது இதுதான் முதல் தடவை. அவன் உள்ளியை இரட்டிப்பாகப் போட்டான், மிளகை இடித்துத் தூவினான், கடைசியில் இரண்டு கருவாட்டுத் துண்டைப் பொரித்து நொறுக்கிக் கலந்தான். மெர்சி மேசையில் உட்கார்ந்து, மகளுடைய புது வீட்டு மோட்கேஜைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். அன்ரன் சோற்றுக்குப் பக்கத்தில் வறையை வைத்தான். நாங்கள் இரண்டு பேரும் உட்காரவில்லை.

அவள் ஒரு வாய் எடுத்தாள். "வட்டி இப்பிடிப் போனா பிள்ளை என்ன செய்யும் சொல்லுங்கோ," என்றாள். இன்னொரு வாய் எடுத்தாள். நான் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். நிற்கட்டும், ஒரு நிமிடம் நிற்கட்டும் என்று அன்ரனுக்காக நான் வேண்டிக்கொண்டேன். இத்தனை வருடத்தில் அவனுக்காக நான் வேண்டிக்கொண்டது அதுதான் முதல் முறை.

"நல்லா இருக்கு அன்ரன்," என்றாள் மெர்சி.

அந்த வார்த்தை அவனுக்கு இதுவரை கிடைத்ததில்லை. அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அவன் சிரித்து, "ஓம் அக்கா," என்று சொல்லிவிட்டு, துடைத்த அடுப்பையே மறுபடி துடைத்தான். கடைசியில் நாங்கள் இரண்டு பேரும் சமமாகிவிட்டோம். நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கு எல்லாவற்றையும் தூக்கி எறிய வேண்டும் போல இருந்தது.

"எப்பிடி இருக்கு? நீங்கள் திண்டு பாத்துச் சொல்லுங்கோ," என்றாள் என்னிடம்.

ஒரு பிடி எடுத்துச் சாப்பிட்டேன். இறைச்சி பூப்போல உதிர்ந்திருக்கிறது, உள்ளி முன்னுக்கு நிற்கிறது, தேங்காய்ப்பூ இனிக்கிறது, கருவாடு கடைசியில் வந்து பிடிக்கிறது, இவன் செய்ததில் இதுதான் திறம் என்று சொன்னேன். எல்லாம் உண்மை. இவ்வளவு காலத்தில் ஒரு தடவையும் என் வாயிலிருந்து வராத பாராட்டு, அவன் காது கேட்க, ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. அன்ரன் துடைப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான்.

"அப்பிடியோ," என்றாள் மெர்சி. "அப்ப வடிவாச் சாப்பிடுங்கோ ரெண்டு பேரும். நிண்டுகொண்டிருக்கிறியள்."

உட்கார்ந்தோம். அவள் தட்டைக் காலி செய்தாள், பசியாறினாள், மகளின் வீட்டுக் கூரையில் தொடங்கி, அடுத்த வீட்டுக்காரரின் நாய்க்குப் போய், அன்ரனின் முழங்காலுக்கு வந்தாள். வறை அவ்வளவு நன்றாக இருந்தது. நானும் அன்ரனும் பேசாமல் சாப்பிட்டோம். மெர்சி கதைத்துக்கொண்டே இருந்தாள்.